வேரின் மடைகள்

குறுவை நடவு முடிந்த மறுநாளே திருவிடைமருதூர்த் தாலுகாவின் வரப்புகளில் யூரியா மூட்டைகள் வந்து இறங்கிவிடுகின்றன. காவிரியும் வீரசோழனும் பாயும் இப்பகுதியில் குடியானவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, மாவுக்கு எத்தனை மூட்டை போடுவது என்பதே. உரக்கடைக்காரரும் அதையே கேட்கிறார். இலாகாவின் சிபார்சும் எக்டேருக்கு இத்தனை கிலோ என்றுதான் தொடங்குகிறது. போட்ட உரம் பயிருக்குள் எந்த வழியாக நுழைகிறது, அந்த வழி எப்பொழுது திறந்திருக்கிறது, எப்பொழுது அடைத்துக்கொள்கிறது என்ற விசாரணை மட்டும் வயலோரத்தில் நடைபெறுவதில்லை. வாய்க்கால் தலைப்பில் எவ்வளவு நீர் வருகிறதென்று கணக்கிட்டுவிட்டு, தன் வயலின் மடை திறந்திருக்கிறதா என்று பாராமல் வீட்டுக்குத் திரும்புகிற மிராசுதார் எவரும் இந்த டெல்டாவில் இரார். உர விஷயத்தில் மாத்திரம் எல்லோரும் அப்படித்தான் செய்து வருகிறார்கள்.

நெற்பயிரின் வேர் என்பது கண்ணுக்குப் புலப்படாத சிற்றறைகளின் கூட்டம். உயிரணு எனப்படும் அவ்வறை ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கின் கனமும் இச்சவ்வுக்குத் தேறாது. இது எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களால் இரண்டு அடுக்காக அமைந்தது. எண்ணெயில் உப்பு கரையாது. ஆகவே மின்னேற்றம் கொண்ட உப்புத்துகள் எதுவும் இச்சவ்வைத் தானாக ஊடுருவிச் செல்ல இயலாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அத்தகைய உப்புத்துகள்களாகவே மண்நீரில் கரைந்து நிற்கின்றன. அங்ஙனமாயின் அவை வேருக்குள் எப்படிப் புகுகின்றன? சவ்வில் புதைந்து, இப்புறமும் அப்புறமும் தலைநீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களே அதற்கு வழி. சவ்வின் எடையில் ஏறக்குறைய பாதி புரதமே. அமெரிக்க விஞ்ஞானிகளான ஸிங்கரும் நிக்கல்ஸனும் 1972-இல் வெளியிட்ட கருத்தின்படி, இப்புரதங்கள் எண்ணெய்ப் பரப்பில் மிதக்கும் தெப்பங்களைப் போல் அசைந்துகொண்டிருப்பவை. அவற்றுள் சில நீர் செல்லும் குழாய்கள். சில ஒரே ஓர் உப்பை மட்டும் ஏற்கும் மடைகள். சில சக்தியைச் செலவிட்டு இறைக்கும் ஏற்றங்கள். வேறு சில, நோய்க்கிருமி வந்து தொட்டால் உள்ளே செய்தி சொல்லும் காவலாளர்கள்.

வயல் மடைக்கும் வேர் மடைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வயல் மடையைத் திறந்தால் நீரும் வரும், வண்டலும் வரும், ஆகாயத்தாமரையும் வரும். வேரின் மடையோ தனக்குரியதை மட்டுமே விடும். சிவப்பு இரத்த அணுவின் சவ்வில் நீருக்கென்றே அமைந்த புரதக் குழாயைப் பீட்டர் ஆக்ரே என்பவர் 1992-இல் நிரூபித்தார். 2003-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அத்தகைய குழாய் ஒன்றின் வழியே வினாடிக்குச் சுமார் 300 கோடி நீர்மூலக்கூறுகள் செல்லக்கூடும் என்றும், அதே குழாயில் ஓர் அமிலத்துகள்கூட நுழையாது என்றும் கண்டிருக்கிறார்கள். தாவரங்களில் இவ்வகைக் குழாய்கள் இன்னும் அதிகம். நெல்லின் மரபுத்தொகுதியில் மாத்திரம் 33 வகை நீர்க்குழாய்ப் புரதங்களுக்கான குறிப்புகள் இருப்பதாக 2005-இல் ஜப்பானியர் எண்ணிக் கூறினர்.

இனி, யூரியா மூட்டைக்கு வரலாம். வயலில் விழுந்த யூரியா மண்ணிலுள்ள நொதியின் செயலால் சில நாட்களுக்குள் அம்மோனியமாக மாறிவிடுகிறது. நீர் தேங்கிய சேற்றில் நெல் உண்ணும் தழைச்சத்தின் பெரும்பகுதி இந்த அம்மோனியமே. இதற்கென வேர்ச்சவ்வில் தனிப்புரதங்கள் உள்ளன. மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரு தொகுதியாக இவை வேலை செய்கின்றன. கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், 1993-இல் கதிரியக்கமுள்ள நைட்ரஜனைக் கொண்டு நெல்வேர் அம்மோனியத்தை ஏற்கும் வேகத்தை நேரடியாக அளந்தார்கள். அவர்கள் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் தஞ்சை விவசாயி அறியவேண்டியவை. மண்நீரில் அம்மோனியம் சொற்பமாக இருக்கும்போதே இப்புரதங்கள் திறமையாக உறிஞ்சுகின்றன. ஓரளவுக்கு மேல் கூட்டினால் அவற்றின் வேகம் கூடாமல் நின்றுவிடுகிறது. இது முதலாவது. அம்மோனியம் மிகுந்த நீரில் வளர்ந்த செடியின் வேரைக் காட்டிலும், குறைந்த நீரில் வளர்ந்த செடியின் வேரே அதை விரைவாக வாங்குகிறது என்பது இரண்டாவது. நிறைய ஊட்டப்பட்ட வேர் வாயை மூடிக்கொள்கிறது. பசித்த வேர் திறந்து வைக்கிறது.

மடை எப்படி மூடுகிறது என்பதும் பின்னர் வெளியாயிற்று. கடுகின் இனத்தைச் சேர்ந்த அராபிடாப்ஸிஸ் என்னும் சிறு செடியில் 2007-லும் 2009-லும் செய்யப்பட்ட ஆராய்ச்சிகளின்படி, வெளியே அம்மோனியம் மிகும்போது செடி அந்தப் புரதத்தின் வால்பகுதியில் பாஸ்பேட் துண்டு ஒன்றைப் பூட்டிவிடுகிறது. மூன்று மடைகளுள் ஒன்றில் பூட்டு விழுந்தால் மற்ற இரண்டும் கூடவே அடைபடுகின்றன. அம்மோனியம் அளவுக்கு மீறி உள்ளே சேர்ந்தால் அது செடிக்கு நஞ்சு. ஆதலின் இது பயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் உபாயம். அடர்த்தி மிக உயர்ந்துவிட்டால் வேறு வழிகளாலும் ஓரளவு அம்மோனியம் வேருக்குள் கசிந்து புகுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மடை முழுவதும் அடைத்துவிடுகிறது என்று கூறினால் அது மிகை. ஆனால் ஒரே நாளில் கொட்டிய மூட்டையைப் பயிர் ஒரே வாரத்தில் உண்டுவிடும் என்று எண்ணுவதற்கு மட்டும் இடமில்லை.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து உண்டு. அப்படியானால் ஏக்கருக்குச் சுமார் 132 கிலோ யூரியா. மூன்று மா ஓர் ஏக்கர் ஆகையால் மாவுக்கு 44 கிலோ. அதாவது, இப்பொழுது விற்கப்படும் 45 கிலோ மூட்டை ஒன்று, ஒரு மாவுக்கு நடவு முதல் கதிர் வெளிவரும் வரை முழுப் பருவத்துக்கும் போதுமான அளவு. டி.ஏ.பி. இட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தையும் கழிக்கவேண்டும். சிபார்சின்படி இதை நான்காகப் பங்கிட்டால் ஒரு தடவைக்கு மாவுக்குப் பதினோரு கிலோதான் விழும். ஒரு மரக்காலை இடுப்பில் வைத்துக்கொண்டு தூவும் ஆளுக்கு இது மிகச் சொற்பமாகத் தோன்றுகிறது. கை தானாகவே அதிகம் அள்ளுகிறது. இரண்டே தடவையில், சில இடங்களில் பாதிக்கு மேல் முதல் தடவையிலேயே, மூட்டை காலியாகிவிடுகிறது.

முதல் தடவை எப்பொழுது இடுகிறார்கள்? நடவுக்கு முன்னரோ, நட்ட சில தினங்களிலோ. அதுதான் வேரில் மடைகள் மிகக் குறைந்திருக்கும் காலம். நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பறிக்கும்போது வேர்கள் அறுபடுகின்றன. அறுந்த நுனிகளில் சவ்வுகள் கிழிந்துபோகின்றன. நட்ட நாற்று மஞ்சளித்து நின்று, புதிய வெள்ளை வேர் விட்டுப் பச்சை திரும்ப ஒரு வாரமோ பத்து நாட்களோ ஆகிறது என்பது நடவாட்கள் அனைவரும் அறிந்ததே. அம்மோனியத்தை வாங்கும் புரதங்கள் நிறைந்திருப்பது அப்புதிய வேர்களில்தான். வேரே இல்லாத வாரத்தில் உரம் போடுவது, மடை கட்டுமுன் ஆற்றைத் திருப்பிவிடுவதற்கு ஒப்பாகும். அந்த வாரத்தில் வயல்நீரில் மிதக்கும் பாசி பகற்பொழுதில் நீரைக் காரமாக்குகிறது. காரமான நீரிலிருந்து அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடுகிறது. நஞ்சை நெல்லுக்கு இட்ட தழைச்சத்தில் பயிரைச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலே என்று பல நாடுகளிலும் கண்டிருப்பதன் காரணங்களுள் இதுவும் முக்கியமானது.

தக்கைப்பூண்டோ கொழுஞ்சியோ மடக்கி உழுத வயலில் இந்த அடியுரத்துக்கு வேலையே இல்லை என்பது துணிந்து சொல்லத்தக்க அபிப்பிராயம். தழையுரம் மக்க மக்க அம்மோனியம் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. சொற்ப அடர்த்தியில் நன்றாக வேலை செய்யும் வேர்ப் புரதங்களுக்கு அதுவே ஏற்ற உணவு. முன்னோர் புரதத்தை அறிந்து தழை மிதித்தார்கள் என்று சொல்வது வீண் பெருமை. அவர்களுக்கு வேறு உரம் கிடைக்கவில்லை. ஆயினும் அந்த முறை வேரின் இயல்புக்கு இசைந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தழையுரம் இடாதவர்கள்கூட அடியுரப் பங்கை நட்ட பதினான்காம் நாளுக்குத் தள்ளிவைத்து, அன்றுமுதல் இலை வண்ண அட்டையை ஒப்பிட்டுப் பார்த்து, இலை வெளுத்தால் மட்டும் இடுவதே தக்கது. அந்த அட்டையின் விலை மிகவும் குறைவு. இலையின் பச்சை, உள்ளே சென்ற தழைச்சத்தின் அளவுக்குச் சாட்சி. மூட்டையின் எண்ணிக்கையோ வெளியே கொட்டியதற்கு மட்டுமே சாட்சி.

மிகுந்து உள்ளே போனாலும் கேடு உண்டு. கரும்பச்சையாகத் தழைத்து, இலை மென்மையாகித் தொய்ந்து நிற்கும் பயிரையே குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் முதலில் நாடுகின்றன. உரத்துக்குச் செலவிட்டவர் அதன் பின் மருந்துக்கும் செலவிட நேர்கிறது.

இது நிற்க. மடை இருந்தாலும் அதன் வழியே சத்தை இழுத்துச் செல்லும் விசை வேண்டுமே. அவ்விசையைத் தருவது வேர்ச்சவ்விலுள்ள வேறொரு புரதம். அது ஏ.டி.பி. என்னும் சக்திப்பொருளைச் செலவிட்டு அமிலத்துகள்களை இடைவிடாமல் வெளியே இறைக்கிறது. இதனால் உயிரணுவின் உட்புறம் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. நேர்மின்னேற்றமுள்ள அம்மோனியமும் சாம்பல் சத்தும் உள்நோக்கி இழுபடுகின்றன. மணிச்சத்தும் நைட்ரேட்டும் வெளியேற்றப்பட்ட அமிலத்துகள் திரும்பி நுழையும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு உட்புகுகின்றன. ஏற்றம் நின்றால் எல்லா மடைகளும் வீண். இந்தப் புரதத்தின் மகிமையை 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி நன்கு காட்டியது. ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தாரும் சீனத்தின் நான்ஜிங் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் நெல்லில் இந்த ஏற்றத்தை மரபு மாற்றத்தால் மிகுவித்தபோது, வேர் அம்மோனியத்தை அதிகமாக ஏற்றதுடன் இலைத்துளைகளும் அகலத் திறந்தன. வயல் சோதனைகளில் விளைச்சல் முப்பது சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாக அறிவித்தார்கள்.

அத்தகைய விதை தஞ்சை விவசாயியின் கைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இருக்கின்ற ஏற்றத்தை நன்கு ஓடச்செய்வதற்கு விதையை மாற்றவேண்டுவதில்லை. வேருக்குக் காற்று இருந்தால் போதும். ஒரு சர்க்கரை மூலக்கூறைக் காற்றின் துணையோடு எரித்தால் வேருக்குச் சுமார் முப்பது ஏ.டி.பி. கிடைக்கிறது; காற்றில்லாமல் புளிக்கவைத்தால் இரண்டே கிடைக்கும். நெல் நீரில் நிற்கும் பயிர்தானே, அதற்குக் காற்று எதற்கு என்று கேட்பாருண்டு. நெல்லின் தண்டிலிருந்து வேர்நுனி வரை காற்றுக்குழல்கள் ஓடுகின்றன. இலை வாங்கிய பிராணவாயு அவற்றின் வழியே கீழிறங்குகிறது. அந்த ஏற்பாடு இருப்பதனால்தான் மற்ற பயிர்கள் அழுகிப்போகும் சேற்றில் நெல் வாழ்கிறது. பிராணவாயு அற்றுப்போன வேரில் என்ன நேரும் என்பதைப் பிரான்சில் மோன்பெலியே நகரத்து ஆராய்ச்சியாளர் 2003-இல் விளக்கினர்: உயிரணுவின் உட்புறம் புளித்து, நீர்க்குழாய்ப் புரதங்கள் அடைத்துக்கொள்கின்றன. வெள்ளம் சூழ்ந்த உளுந்தும் மிளகாயும் நீரிலேயே நின்றுகொண்டு வாடுவதன் இரகசியம் இதுவே.

நெல்லின் காற்றுக்குழலுக்கும் எல்லை உண்டு. மாதக்கணக்காக வடிக்காமல் தேங்கிய களிமண்ணில் இரும்பு கரைகிறது; கந்தகம் நஞ்சாக மாறுகிறது. இதற்குச் சோதனைச்சாலை வேண்டாம். நட்ட முப்பதாம் நாள் ஒரு குத்தைப் பிடுங்கி, சேற்றை அலசிவிட்டு வேரைப் பார்த்தால் விளங்கும். வெண்மையான புது வேர்கள் நிறைந்திருந்தால் ஏற்றமும் மடையும் ஓடுகின்றன என்று கொள்ளலாம். முதிர்ந்த வேரில் துருவின் செந்நிறம் படிந்திருப்பது இயல்பே. வேரிலிருந்து கசிந்த பிராணவாயு இரும்பை வெளியிலேயே தடுத்து நிறுத்திய அடையாளம் அது. வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அவ்வயலில் யூரியா இடுவது பணத்தைச் சேற்றில் எறிவதாகும். அங்கே முதலில் செய்யவேண்டியது, நீரை வடித்து, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும் வரை விடுவது. புது வேர் வந்தபின், ஈரம் மட்டும் உள்ள சேற்றின்மேல் உரத்தைத் தூவி, அதன்பின் நீர் பாய்ச்சினால் உரம் நீரோடு கீழிறங்கி வேரண்டையில் நிற்கும். வடித்துக் காயவிடுவதை வாரந்தோறும் மனம்போனபடி செய்வதும் தவறு. காய்ந்தபோது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறி, மறுபடி நீர் தேங்கியவுடன் வாயுவாகப் போய்விடும். உரமிடும் நாளையும் வடிக்கும் நாளையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

வடிப்பது எளிதா என்னும் ஆட்சேபம் நியாயமானதே. முறை வைத்து நீர் வரும் வாய்க்காலில் வடித்த நீர் மீண்டும் எப்பொழுது கிடைக்குமென்று எவரும் உறுதி கூற இயலாது. ஜூன் 12-இல் திறக்கவேண்டிய மேட்டூர் 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அத்தகைய ஆண்டில், வயலில் உள்ள நீரை வெளியேற்று என்று கூறுகிறவரைக் குடியானவர் சந்தேகத்தோடு பார்ப்பது இயற்கை. நீர் வடிந்தால் களை முளைக்கும், களையெடுக்க ஆள் கிடையாது என்பதும் மெய். ஆனால் இத்தாலுகாவில் குறுவைச் சாகுபடி பெரும்பாலும் மின்மோட்டாரை நம்பி நடக்கிறது. தன் குழாய்க்கிணற்றுக்குத் தானே எஜமானராக இருப்பவருக்கு முறைநீர்ச் சாக்குப் பொருந்தாது. எப்பொழுதும் முழங்கால் அளவு நீர் நிற்கவேண்டுமென்பது, களையை அடக்குவதற்காக ஏற்பட்ட பழக்கம், பயிரின் தேவையன்று. ஆற்றுநீரையே நம்பும் சம்பா வயல்களிலும், ஐப்பசி மழை பிடிக்குமுன் ஒருமுறையேனும் வடிகாலைத் திறந்துவிட முடியும். மழை பிடித்தபின் அது கைகூடாது. வடிகால்களே நிரம்பிக் கிடக்கும்.

மணற்சத்தைப் பற்றியும் இங்கே சொல்லாமல் விடலாகாது. நெல் தன் தாளின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை சிலிகாவைச் சேர்க்கவல்லது. வேறெந்தத் தானியமும் இவ்வளவு சேர்ப்பதில்லை. இதற்கு மூலமான புரதத்தை ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்து ஜியான் ஃபெங் மா என்பவரும் அவருடைய குழுவினரும் 2006-இல் கண்டுபிடித்தனர். அடுத்த ஆண்டே அதன் துணைப்புரதமும் வெளிப்பட்டது. இவ்விரண்டின் அமைப்பு வியக்கத்தக்கது. வேரின் குறிப்பிட்ட இரு அடுக்குகளில், ஒவ்வோர் உயிரணுவின் வெளிப்பக்கச் சவ்வில் முதற்புரதம் நின்று சிலிகாவை உள்ளே விடுகிறது. அதே அணுவின் உட்பக்கச் சவ்வில் இரண்டாவது நின்று அதைத் தண்டை நோக்கித் தள்ளுகிறது. முன்கட்டிலும் பின்கட்டிலும் வாயில் வைத்த வீட்டைப் போன்றது. இந்த முதற்புரதம் பழுதான நெல்வகை பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இரையாயிற்று. அதன் விளைச்சலும் பெரிதும் குறைந்தது. இலையின் மேல்தோலில் சிலிகா படிந்தால்தான் இலை நிமிர்ந்து நிற்கும். குலைநோய்ப் பூசணம் துளைப்பதும் கடினமாகும். இதே வாயிலில் பாஷாணத்தின் ஒருவகையும் ஏமாற்றி நுழைந்துவிடுகிறது என்று 2008-இல் அதே குழுவினர் காட்டினர். வங்காளத்து நிலத்தடி நீரில் பாஷாணம் மிகுந்த இடங்களில் நெல்லின் மணியில் அது சேர்வதற்கு இதுவே வழி. சிலிகா மிகுந்த மண்ணில் பாஷாணத்துக்கு இடம் குறைகிறது.

டெல்டாவில் ஒவ்வொரு போகமும் எவ்வளவு சிலிகா வயலைவிட்டு வெளியேறுகிறதென்று எண்ணிப் பார்க்கவேண்டும். முன்பு வைக்கோல் ஊருக்குள்ளேயே போர் போட்டு மாட்டுக்குப் போடப்பட்டு, எருவாக வயலுக்கே திரும்பிற்று. இப்பொழுது இயந்திரம் அறுத்த வயலில் இன்னோர் இயந்திரம் வைக்கோலை உருளையாகச் சுற்றுகிறது. லாரி வந்து ஏற்றிப் போகிறது. உமி அரிசி ஆலையின் கொதிகலனில் எரிகிறது. உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. அச்சாம்பலில் பெரும்பங்கு சிலிகாவே. அது ஆலையின் பின்புறத்தில் குவிந்து கிடக்கிறது அல்லது செங்கல் சூளைக்குப் போகிறது. கடும் வெப்பத்தில் எரிந்த சாம்பல் மண்ணில் மெதுவாகத்தான் கரையும். ஆனால் வருடந்தோறும் சிறிது சேர்த்து வந்தால் நாற்றங்காலுக்கேனும் அது கைகண்ட பயன் தரும். யூரியாவைக் குறை என்று குடியானவரிடம் சொல்பவர்கள், வைக்கோல் உருளைக்குப் பதில் அவர் வயலுக்கு என்ன திரும்புகிறதென்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். வைக்கோல் விற்ற பணம் அறுவடைக் கூலியைக் கட்டுகிறது. அதை விற்காதே என்று வெறுமனே உபதேசிப்பதில் பயனில்லை. ஆலைச்சாம்பலைத் தாலுகாவின் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்றி வந்து, உரத்தோடு சேர்த்து அளந்து கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.

ரகங்களைப் பொறுக்கும்போதும் சவ்வுப் புரதங்கள் கவனிக்கத்தக்கவை. நம் நாட்டு இண்டிகா நெல்லுக்கும் ஜப்பானிய நெல்லுக்கும் நைட்ரேட்டை ஏற்கும் திறமையில் உள்ள வேற்றுமைக்கு, ஒரு சவ்வுப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது முக்கிய காரணம் என்று 2015-இல் சீன விஞ்ஞானிகள் கண்டனர். திறமை மிகுந்தது இண்டிகாவின் புரதமே. வங்காளத்து உவர்நில நெல்லான நோனா பொக்ராவில் இருந்து 2005-இல் எடுத்துக் காட்டப்பட்ட மற்றொரு புரதம், வேரிலிருந்து மேலேறும் சாற்றில் கலந்த உவர் உப்பை வழியிலேயே மறித்து இறக்கிவிடுகிறது. கேரளத்துப் பொக்காளி நெல்லின் உவர் தாங்கும் குணமும் அதே நிறமிக்கோலின் அதே பகுதியில் அமைந்திருக்கிறது. கடைமடையில் நாகப்பட்டினத்துக் கரையோரங்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். திருவிடைமருதூரில் இன்றைக்கு அவ்வளவு அவசரமில்லை. எனினும் குழாய்க்கிணற்று நீரின் உப்பளவை எவரும் சோதிக்காமல் இறைத்து வருவது நல்லதன்று.

ஆராய்ச்சிக்கு இத்தாலுகா வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சிப் பண்ணை இதே தாலுகாவில் இருக்கிறது. ஜப்பானிய நாரின் 10-ஓடு ஜி.இ.பி. 24-ஐ ஒட்டுச்சேர்த்து 1965-இல் வெளிவந்த ஆடுதுறை 27, உரத்துக்கு விளையும் நெல் எப்படியிருக்கும் என்பதைத் தஞ்சைக்கு முதலில் காட்டிற்று. உரம் போட்டால் விளையும் என்ற பாடத்தை ஊரெங்கும் பரப்பிய இலாகாவே, அந்த உரம் எப்பொழுது உள்ளே போகிறது என்ற பாடத்தையும் அதே முயற்சியோடு பரப்பவேண்டியது நியாயம். 2021-இல் அரசாங்கம் அறிவித்த குறுவைத் தொகுப்பில் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் ஆகியவை முழு மானியத்தில் அளிக்கப்பட்டன. உதவி நல்லதே. ஆனால் மொத்தமும் ஒருங்கே கைக்கு வந்தால் மொத்தமும் ஒருங்கே வயலுக்குப் போகும் என்பது மனித சுபாவம். மூட்டையை வீட்டில் வைத்தால் ஈரம் பட்டுக் கட்டியாகிவிடும், அண்டைவீட்டார் கடன் கேட்பார். இனி இத்தகைய உதவி வருமானால், யூரியாவை நட்ட இரண்டாம் வாரத்தில் பாதியும் கதிர் உருவாகும் தருணத்தில் பாதியுமாக வழங்கினால் செலவு கூடாது. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒருமுறை அதிகமாக வண்டி போகவேண்டும், அவ்வளவே.

நம்பாதவர்கள் இவ்வருஷமே சோதித்துப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மா நிலம், ஒரே நாற்று, ஒரே நாள் நடவு. ஒன்றில் வழக்கப்படி அடியுர யூரியா. மற்றொன்றில் பதினான்காம் நாள் வரை ஒன்றும் வேண்டாம், அதன்பின் அட்டை சொல்கிறபடி தடவைக்குப் பதினோரு கிலோவுக்கு மேற்படாமல். முப்பதாம் நாள் இரண்டிலும் ஒவ்வொரு குத்தைப் பிடுங்கி, வேரை அலசி, வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். அறுவடையில் மூட்டையை எண்ணுவதோடு நில்லாமல், எந்த வயலில் மருந்து அடிக்க நேர்ந்தது, எத்தனை தடவை என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். வட்டார விவசாய உத்தியோகஸ்தர் அந்த முப்பதாம் நாளில் வரப்புக்கு வந்து, அக்கம்பக்கத்தாரையும் வரவழைத்து, இரு குத்துகளின் வேர்களை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னால், அச்சடித்த துண்டுப்பிரசுரம் நூறு செய்யாத காரியத்தை அது செய்யும்.